சிலுவை, திருநீறு, தாயத்து: யார் கையில் வேலை செய்யும்?

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டில், ஆடுபவர் வாங்கவேண்டிய சாமான் பட்டியலில் மரச்சிலுவையும் வெள்ளிச்சிலுவையும் இருந்தன. கயிறு, பந்தம், சிலுவை. காசு கொடுத்தால் கிடைக்கும். பிறகு வந்த பதிப்புகளில் சிலுவை போய் ‘புனிதச் சின்னம்’ என்ற பொதுப்பெயர் வந்தது. எந்தச் சாமியானாலும் ஒரே விதி, ஒரே பகடை. 1980இல் வந்த ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ தொகுப்பில் நம்ம காளியும் இந்திரனும்கூட எத்தனை அடி தாங்குவார்கள் என்று எண் போட்டுவிட்டார்கள். 1991இல் வெளியான ‘வாம்பயர்: த மாஸ்க்வரேட்’ இதை மறுத்தது. சின்னத்தில் ஒன்றுமில்லை, ஏந்துகிறவரின் உண்மையான விசுவாசமே ரத்தக்காட்டேரியைச் சுடும் என்றது.

இதைப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. விளையாட்டுக்கு விதி எழுதுகிறவர், மதவாதிகள் மழுப்பிவிடுகிற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: சக்தி எங்கே இருக்கிறது? பொருளிலா, ஏந்தும் கையிலா, எதிரே நிற்கும் பேயிலா? முக்கூடலில் இருந்துகொண்டு யோசித்தால் இரண்டு விதிகளுமே பத்தவில்லை.

இந்தப் பக்கத்தில் பேய் பிடித்த பெண்ணை முதலில் உள்ளூர்க் கோடாங்கியிடம் காட்டுவார்கள். கேட்கவில்லையென்றால் பொட்டல்புதூர். அங்கும் சரிப்படவில்லையென்றால் உவரி அந்தோணியார். மதம் மாறியா போகிறார்கள்? ஆஸ்பத்திரி மாற்றுகிற மாதிரி போகிறார்கள். பொட்டல்புதூரில் இருப்பது முகைதீன் ஆண்டவர் பெயரிலான தர்கா. அவருடைய அடக்கத்தலம் பாக்தாதில். பெயர் மட்டும் இத்தனை தூரம் வந்து வேலை செய்கிறது. போகிறவர்களிடம் யாரும் விசுவாசப் பரீட்சை வைப்பதில்லை.

ஏந்துகிறவர்தான் நம்ப வேண்டுமா? லெவி-ஸ்ட்ராஸ் 1949இல் எழுதிய ‘மந்திரவாதியும் அவன் மந்திரமும்’ கட்டுரையில் குவேசலித் என்றொருவன் வருகிறான். ஷாமன்களின் பித்தலாட்டத்தை வெளிச்சமாக்கவே அவர்களிடம் சீடனாகச் சேர்கிறான். நம்பாமலே குணப்படுத்துகிறான், பெரிய ஷாமன் என்று பெயரெடுக்கிறான். அங்கே நம்பிக்கை ஊரிடம் இருக்கிறது, கையிடம் இல்லை. ‘வாம்பயர்’ விதிக்கு நேர் எதிர்.

லெவி-ஸ்ட்ராஸ் தொடாத ஒன்று நம்மூர்ச் சடங்கில் உண்டு. திருநீறோ தண்ணீரோ பிரம்போ எதுவானாலும், அதற்கு முன் ஒரு விசாரணை. “யாருல நீ? எந்த ஊரு? எப்படிச் செத்தே?” பேய் தன் பெயரை, சாதியை, விழுந்த கிணற்றைச் சொல்லியாக வேண்டும். அதன்பிறகே பேரம். சின்னம் இங்கே ஆயுதம் என்பதைவிட நீதிமன்றத்து முத்திரை. முத்திரைக்குத் தன்னளவில் சக்தி கிடையாது. கோர்ட்டை இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பேயும் அந்தோணியாரை ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதுதான் விசேஷம்.

இதற்கு மிஷன்காரர்களின் பங்கும் உண்டு. கால்டுவெல் 1849இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சாணார்கள் பற்றிய நூலில் இந்த வழிபாட்டைப் பிசாசு வழிபாடு என்றே எழுதினார். பெயர் மாற்றியது மாடனையும் இசக்கியையும் ஒழிக்கவில்லை. சாத்தானின் கட்சியில் சேர்த்து அவர்களுக்குப் புதிய உத்தியோகம் கொடுத்தது. சிலுவைக்கு எதிரி கிடைத்தாயிற்று.

ஆக, சின்னங்கள் மதம் தாண்டுகின்றன, சந்தோஷம். ‘மத நல்லிணக்கம்’ என்று இதைக் கொண்டாடும் கட்டுரைகள் நிறைய உண்டு. எனக்கு அவற்றில் ருசியில்லை. மனிதர்கள் தாண்டினார்களா என்பதுதான் கேள்வி. ஆசிரியர் பெயர் தெரியாத முக்கூடற்பள்ளை எடுத்துக்கொள்வோம். (இலக்கியத்து முக்கூடல் சீவலப்பேரிப் பக்கம்; பீடி சுற்றும் முக்கூடல் ஆற்றின் மேல்பக்கம். இரண்டையும் குழப்புகிறவர்கள் இன்னமும் உண்டு.) மூத்த பள்ளி அழகர் கட்சி, மருதூர் இளைய பள்ளி சிவன் கட்சி. ஒருத்தி சாமியை மற்றவள் வாய்கூசாமல் கிழிக்கிறாள். சைவ வைணவ சமரசம் என்று பேராசிரியர்கள் பாடம் நடத்துகிறார்கள். இரண்டு பெண்களில் ஒருத்தியாவது அந்த இரண்டு கோயில்களில் ஒன்றுக்குள் கால் வைத்திருக்க முடியுமா? மதுரை மீனாட்சி கோயில் நுழைவு நடந்தது 1939இல். மாகாணம் முழுவதற்குமான சட்டம் 1947இல்தான் வந்தது. நாமத்துக்கும் திருநீற்றுக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வாயில் அந்தச் சண்டையைத் திணித்து ரசித்த சபை எது என்பதைக் கேட்காத வாசிப்பு எனக்கு வாசிப்பாகவே படவில்லை.

விளையாட்டுத் தாளில் பாத்திரத்தின் இனம், தொழில், பலம் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. சாதிக்குக் கட்டமில்லை. வில்லுப்பாட்டில் அதுதான் முதல் கட்டம். சுடலைமாடன் கதையில் மலையாள நாட்டு மந்திரவாதி காளிப்புலையன். மாடனே மோதித் தீரவேண்டிய அளவுக்கு மந்திரம் அவனிடம் இருப்பதாகக் கதை ஒப்புக்கொள்கிறது. நிலமும் கோயிலும் மறுக்கப்பட்டவனிடம் மந்திரத்தை மட்டும் தாராளமாகக் கொடுத்துவிட்டு, அந்த மந்திரத்தையே காரணமாக்கி அவனைக் கொல்கிறது. நான் கேட்ட வடிவில் அவன் மகளும் அழிகிறாள். அதே சீவலப்பேரியில்தான் அழகர் கோயிலும் சுடலைமாடன் கோயிலும் இருக்கின்றன. பள்ளையும் வில்லுப்பாட்டையும் ஒருசேர வைத்து, அந்த மகளின் பக்கத்திலிருந்து வாசிக்கிற வேலை பாக்கி கிடக்கிறது.