சுழலாத இன்ஜினும் கழலாத கியர்பாக்ஸும்

மழைநீர் கார்புரேட்டர் வழியாக இறங்கி, திறந்து நின்ற வால்வைத் தாண்டி சிலிண்டருக்குள் தேங்கிவிட்டால் போதும். பிஸ்டன் ரிங்குகள் வார்ப்பிரும்புச் சுவரோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் ஆண்டுக்கணக்காகக் கொட்டகையில் கிடந்த 1969 ஷெவ்ரலே கமாரோவை வாங்கும் ஒருவர், கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் நீண்ட கைப்பிடியை மாட்டி அழுத்திப் பார்க்கிறார், மயிரிழைகூட அசையவில்லை. இன்ஜின் போனால் போகட்டும், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையாவது காப்பாற்றிவிடலாம் என்று வண்டிக்கு அடியில் போய்ப் படுக்கிறார். சிக்கல் அங்கேதான் காத்திருக்கிறது.

மேனுவல் கியர்பாக்ஸ் என்றால் இந்தக் கவலை இல்லை. நம்மூர் அம்பாசடரில் இன்ஜின் ஜாம் ஆகிக் கிடந்தாலும், இன்ஜினோடு கியர்பாக்ஸைப் பிணைக்கும் பெல் ஹவுசிங்கின் போல்ட்டுகளைக் கழற்றி நேராகப் பின்னுக்கு இழுத்தால் கியர்பாக்ஸின் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். கிராங்க் சுழல வேண்டிய தேவையே எழாது. ஆட்டோமேட்டிக்கில் கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் நிறைந்த டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. கிராங்கின் பின்முனையில் உள்ள ஃபிளெக்ஸ் பிளேட் என்ற மெல்லிய எஃகுத் தகட்டோடு அது போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். 1969 மாடல் கார்களில் அறிமுகமான டர்போ ஹைட்ராமேட்டிக் 350 கியர்பாக்ஸில் அந்த போல்ட்டுகள் மூன்று. அடியிலுள்ள மூடித் தகட்டைக் கழற்றினால் ஒன்று கைக்கு எட்டும். மற்றவை கீழே வர வேண்டுமானால் கிராங்கைச் சுற்ற வேண்டும். இறுகிப்போன இன்ஜினில் அதற்கு வழியில்லை.

பல மெக்கானிக்குகள் இதற்குக் கையாளும் முறை ஒன்று உண்டு. கன்வெர்ட்டரை இன்ஜினோடே விட்டுவிட்டு, கியர்பாக்ஸை மட்டும் பின்பக்கம் உருவி எடுக்கிறார்கள்.

அடிப்படையில் இது சரியான யோசனைதான். கன்வெர்ட்டரின் கழுத்து கியர்பாக்ஸின் முன்பக்க எண்ணெய்ப் பம்புக்குள் செருகி நிற்கிறது. போல்ட்டோ கிளிப்போ அதைப் பிடித்திருக்கவில்லை. பெல் ஹவுசிங் விலகிய பிறகு ஃபிளெக்ஸ் பிளேட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் இடம் கிடைக்கும். எட்டாத இரண்டு போல்ட்டுகளையும் பக்கவாட்டில் ஸ்பேனர் கொடுத்துக் கழற்றிவிடலாம். எதையும் வெட்டவோ உடைக்கவோ வேண்டாம். மூடித் தகட்டின் சந்துக்குள் கிரைண்டரை நுழைத்து ஃபிளெக்ஸ் பிளேட்டை அறுத்தெடுப்பவர்களும் இருக்கிறார்கள். பிளேட் மலிவான சாமான்தான். ஆனால் எண்ணெய் கசியும் இடத்தில் தீப்பொறி பறக்க விடுவதும், டிஸ்க் வழுக்கினால் கன்வெர்ட்டரையே கீறிவிடும் ஆபத்தும் அந்த வழியை ஏற்க விடாமல் தடுக்கின்றன.

உருவும் முறையின் குறை அதைச் செய்யும் இடத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 55 கிலோ எடையுள்ள கியர்பாக்ஸை ஜாக்கியில் தாங்கி, அணுவளவும் சாயாமல் நேர்கோட்டில் பின்னுக்கு நகர்த்த வேண்டும். சற்றே தொங்கினாலும் முழு எடையும் உள்ளே இருக்கும் ஷாஃப்ட்டின் மீதும் பம்பின் புஷ் மீதும் விழும். கியர்பாக்ஸை அடியில் தாங்கும் கிராஸ் மெம்பரைக் கழற்றியதும் இன்ஜினின் பின்பக்கத்துக்கும் பிடிமானம் போய்விடும். அதற்குத் தனியாக முட்டுக் கொடுக்க வேண்டும். எண்ணெயும் சும்மா விடாது. இந்த கியர்பாக்ஸ் மொத்தம் 9 லிட்டருக்கு மேல் கொள்ளும். அடிச்சட்டியை இறக்கினால் வடிவது 3 லிட்டர் அளவுதான். மீதியில் பெரும்பங்கு கன்வெர்ட்டருக்குள் தங்கியிருந்து, கழுத்து விடுபடும் நொடியில் கீழே படுத்திருப்பவர் மீது கொட்டும்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று நேரலாம். டர்போ ஹைட்ராமேட்டிக் 350-இல் பெல் ஹவுசிங்கும் கியர்பாக்ஸ் உடலும் ஒரே அலுமினிய வார்ப்பு. ஃபோர்டு 1964 மாடல்களில் கொண்டுவந்த சி4-இல் பெல் ஹவுசிங் தனித் துண்டு. விரிசல் விட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஷெவ்ரலேயில் போல்ட் மாட்டும் காது ஒன்று உடைந்தாலும் முழு உடலுக்கும் கேடு. 1968 முதல் அந்த நிறுவனத்தின் கார்களில் வண்டியின் தொடர் எண்ணின் ஒரு பகுதி இன்ஜினிலும் கியர்பாக்ஸிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. மூன்று எண்களும் ஒத்துப்போகும் காருக்குத்தான் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு. அந்த எண் பொறித்த உடலை உடைத்துவிட்டால் கடையில் மாற்று வாங்கலாம், அந்த எண்ணை வாங்க முடியாது.

ஆகவே இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே வெளியே தூக்குவதுதான் மேல். பானட், ரேடியேட்டர் எல்லாம் கழற்ற வேண்டும்; இரண்டும் சேர்ந்து 300 கிலோவைத் தாண்டும்; செயின் பிளாக்கோ கிரேனோ இல்லாமல் நடக்காது. வேலை கூடத்தான். ஆனாலும் எப்படியும் வெளியே வரப்போகிற இன்ஜின்தானே? தரையில் இறக்கி, மட்டம் பார்த்து முட்டுக் கொடுத்து, நல்ல வெளிச்சத்தில் நின்றபடி அதே உருவும் முறையைச் செய்தால் மேலே சொன்ன ஆபத்துகளில் பெரும்பாலானவை விலகிவிடும்.

இதற்கெல்லாம் முன்பு இன்ஜினுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துருவை ஊடுருவும் எண்ணெயைச் சிலிண்டர்களில் ஊற்றி, நாள்கணக்கில் ஊறவிட்டு, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துப் பார்ப்பது பழைய வழி. 1955-இல் வந்த ஷெவ்ரலேயின் சிறிய வி8 வரிசையில் தொடக்ககால இன்ஜின்கள் பலவற்றுக்குக் கிராங்க் முனையில் போல்ட் துளையே கிடையாது. ஃபிளெக்ஸ் பிளேட்டின் பற்களில்தான் நெம்புகோல் கொடுத்தாக வேண்டும். வண்டியைக் கட்டி இழுத்துச் சுற்றவைக்கும் உத்தி ஆட்டோமேட்டிக்கில் பலிக்காது, கன்வெர்ட்டரில் எண்ணெய் மட்டும்தான் விசையைக் கடத்துகிறது. மேனுவல் காரில் அது பலிக்கலாம். கூடவே கனெக்டிங் ராடையும் வளைத்துவிடலாம். ஊறவைத்ததில் கால் சுற்று அசைந்தாலும் அது பெரிய வெற்றி. இன்னொரு போல்ட் கீழே வந்துவிடும்.

உருவி எடுப்பதை ஒழுங்காகச் செய்தவர்களும் இடறுவது திரும்ப மாட்டும்போதுதான். கழற்றிய வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றி மாட்டு என்பது பட்டறைப் பாடம். இந்த வேலைக்கு மட்டும் அது பொருந்தாது. கன்வெர்ட்டரைப் புதிய இன்ஜினில் முதலில் பூட்டிவிட்டுக் கியர்பாக்ஸை அதன்மேல் தள்ளினால், உள்ளே மூன்று இடங்களில் பற்களும் பள்ளங்களும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கண்ணால் பார்க்க வழியில்லை. பம்பின் பிடி சேராமலே பெல் ஹவுசிங் போல்ட்டுகளை இறுக்கினால் பம்ப் கியர் நொறுங்கும், இன்ஜினைக் கிளப்பும்போதுதான் அது தெரியவரும். மாட்டும்போது கன்வெர்ட்டரை முதலில் கியர்பாக்ஸில் செருகி, சுழற்றிச் சுழற்றி மூன்று படியும் இறங்கியதை உறுதிசெய்யுங்கள். பெல் ஹவுசிங் இன்ஜினோடு சேர்ந்த பிறகு கன்வெர்ட்டருக்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே 3 மில்லிமீட்டராவது இடைவெளி தெரிய வேண்டும், கன்வெர்ட்டரும் கையால் தாராளமாகச் சுழல வேண்டும். சுழலவில்லையென்றால் ஒரு போல்ட்டைக்கூட மேற்கொண்டு இறுக்காதீர்கள். கியர்பாக்ஸைத் திரும்ப வெளியே எடுங்கள்.