கர்ணனுக்கு அழத் தெரிந்தவர்கள்

பாடகரோ நடிகரோ இறந்துபோனால் மணலூர்பேட்டை மாதிரியான ஊர்களில் இரங்கலுக்கென்று ஒரு முறை ஏற்பட்டுவிட்டது. காலையில் தொலைக்காட்சியில் செய்தி ஓடினால் மாலைக்குள் கடைத்தெருவில் ‘கண்ணீர் அஞ்சலி’ பேனர் ஏறிவிடும். மாலை போட்ட படம், ஓரத்தில் குத்துவிளக்கு, தோற்றம் மறைவு தேதிகள். அதற்குக் கீழே கட்டம் கட்டி உள்ளூர்க்காரர்களின் முகங்கள். கூலிங்கிளாஸ் போட்டுச் சிரிப்பவர்களும் உண்டு. டீக்கடை ஸ்பீக்கரில் இரவு வரை அவர் பாட்டு. நாலு நாள் வெயிலில் வெளுத்ததும் அந்த பேனர் யார் வீட்டு மாட்டுக் கொட்டகைக்கோ கூரையாகிவிடும். இந்த வழக்கத்தைக் கிண்டல் செய்வது எளிது. எது நன்மை, எங்கே கோளாறு என்று பிரித்துப் பார்த்தால் நம்மைப் பற்றியே சில விஷயங்கள் தெரியவரும்.

முதலில் நன்மை. நம் ஊர்களில் சாவுக்கும் சாதி உண்டு. சுடுகாடு தனி, பிணம் போகும் பாதை தனி. மேளம் அடிப்பவர் யார், பந்தலில் உட்காருபவர் யார் என்பதெல்லாம் பிறக்கும்போதே முடிவானது. ஒரு பாடகரின் சாவில் மட்டும் இந்தக் கணக்கு கொஞ்சம் தளர்கிறது. ஊர்த்தெருவிலும் காலனியிலும் ஒரே பாட்டு ஒலிக்கிறது. அழுகிறவரைப் பார்த்து, ‘உனக்கு அவர் என்ன முறை?’ என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று, இந்தத் துக்கம் சில நேரம் நல்ல காரியமாகவும் மாறுகிறது. 2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் இறந்தபோது அவருடைய கண்கள் தானமாகக் கொடுக்கப்பட்டன. அதன்பின் கர்நாடகத்தில் கண்தானத்துக்குப் பெயர் கொடுக்க ரசிகர்கள் திரண்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், மரம் நடுவதை வலியுறுத்திவந்த நடிகர் விவேக் மறைந்ததும் தமிழ்நாட்டில் ஊர் ஊராக மரக்கன்று நட்டார்கள். ஆனால் புனித்தின் தந்தை, நடிகரும் பாடகருமான ராஜ்குமார் 2006 ஏப்ரலில் மறைந்தபோது பெங்களூரில் வெடித்த கலவரத்தில் காவலர் ஒருவர் உட்படச் சில உயிர்கள் போயின. ஒரே குடும்பம், ஒரே ஊர். கூட்டத்தின் துக்கம் எந்தப் பக்கமும் திரும்பும்.

கோளாறு வெளிப்படுவது கறை படிந்த ஒரு நட்சத்திரம் இறக்கும்போதுதான். தமிழில் இதற்கு மூத்த உதாரணம் எம்.கே. தியாகராஜ பாகவதர். 1934இல் ‘பவளக்கொடி’யில் தொடங்கிப் பத்தே ஆண்டில் அவர் அடைந்த புகழை அதற்குமுன் எந்தத் தமிழ் நடிகரும் கண்டதில்லை. பிடரியில் புரளும் அவருடைய ‘பாகவதர் கிராப்’பை வைத்துக்கொள்ளாத இளைஞர்கள் குறைவு. 1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வந்தது. நவம்பரில், நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பத்திரிகை விற்ற லட்சுமிகாந்தன் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். டிசம்பரில் பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள்.

இதில் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பாகவதர் சிறையில் இருந்த காலத்தின் பெரும்பகுதியில் சென்னை பிராட்வே தியேட்டரில் ‘ஹரிதாஸ்’ ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தீபாவளி கண்ட படம் என்று இன்றும் சொல்கிறார்களே, அந்த இரண்டாவது தீபாவளியும் மூன்றாவது தீபாவளியும் அவருக்குச் சிறையில் கழிந்தவை. பெற்றோரைத் துரத்திவிட்டுப் பெண்பித்தில் சீரழிந்த ஒருவன் கால்களை இழந்து, மனம் திருந்தி, அவர்களுக்கே பணிவிடை செய்யும் கதை அது. திரையில் அந்தப் பாவியை மன்னித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த கூட்டம், வெளியே வந்த நிரபராதியை ஏற்கவில்லை. 1948இல் ‘ராஜமுக்தி’ விழுந்தது. அடுத்து வந்தவையும் எடுபடவில்லை. 1959 நவம்பர் 1 அன்று ஐம்பது வயதை எட்டும் நேரத்தில் அவர் சென்னைப் பொது மருத்துவமனையில் இறந்தார்.

கொலை வழக்கின் கறைதான் அவரை வீழ்த்தியது என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. அதே வழக்கில் அதே சிறையில் இருந்த கலைவாணர் வெளியே வந்து மறுபடி வெற்றி பெற்றார். சொந்தமாகப் படம் எடுத்தார். 1957இல் அவர் இறந்தபோதும் அவர் செல்வாக்கு குறையவில்லை. பாகவதர் உள்ளே இருந்தபோதே வெளியே காலம் மாறத் தொடங்கிவிட்டது. பாட்டுக்குப் பாட்டு நகர்ந்த படங்களின் இடத்தை 1949இல் ‘வேலைக்காரி’யும் 1952இல் ‘பராசக்தி’யும் வசனத்தால் பிடித்துக்கொண்டன. மக்கள் கைவிட்டது குற்றவாளி என்று நினைத்த ஒரு மனிதரை அல்ல, அலுத்துப்போன ஒரு பாணியை. கறை அதற்கு வசதியான காரணமாக அமைந்தது. புகழ் ஆளுக்குக் கிடைப்பதில்லை, அந்தக் காலத்தின் ஒரு தேவைக்குக் கிடைக்கிறது. தேவை தீர்ந்தால் ஆள் மட்டும் மிஞ்சுவார். பின்னாளில் பாகவதரைப் பற்றிப் பேசிய மேடைகள் தங்கத் தட்டில் சாப்பிட்டவர் என்று ஆரம்பித்து விதியின் கொடுமை என்று முடித்தன. ‘நாம் ஏன் அவரை விட்டோம்?’ என்று கேட்ட மேடை அபூர்வம்.

அந்த மேடைகள் விட்ட இன்னொரு கேள்வி: லட்சுமிகாந்தனைக் கொன்றது யார்? பாகவதரும் கலைவாணரும் விடுதலையான பிறகு அந்தச் சாவுக்கு விடை இல்லாமலே போனது. அவர் எழுதியது மஞ்சள் பத்திரிகை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்கியவர்களும் பாகவதர் கச்சேரிக்கு முண்டியடித்தவர்களும் வேறு வேறு ஆட்களா? நட்சத்திரத்தைக் கும்பிடும் ஆசையும் அவரை அம்மணமாகப் பார்க்கும் ஆசையும் ஒரே வயிற்றில் பிறந்தவை.

இந்த இரண்டு ஆசைகளையும் அமெரிக்கப் பாடகர் மைக்கேல் ஜாக்சன் விஷயத்திலும் பார்க்கலாம். ஒரு சிறுவனிடம் தவறாக நடந்தார் என்ற வழக்கில் 2005இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2009 ஜூன் 25இல் அவர் இறந்தபோது உலகமே அழுதது. 2019இல் இரண்டு பேர் தங்கள் சிறுவயதில் அவரால் பாதிக்கப்பட்டோம் என்று ஆவணப்படத்தில் பேசினார்கள். உடனே ரசிகர்கள் ஒரு பக்கம், எதிர்ப்பாளர்கள் மறுபக்கம். உண்மை என்ன என்பதை இங்கிருந்து நாம் தீர்ப்பெழுத முடியாது. ஆனால் அஞ்சலியின் சத்தத்தில் புகார் சொல்பவரின் குரல் கேட்காமல் போகிறது என்பது எங்கேயும் நடப்பதுதான்.

அப்படியானால் செத்தவரின் குறையைச் சொல்லித்தான் அழ வேண்டுமா? இதற்குப் பதில் இந்த மண்ணிலேயே இரண்டு விதமாக இருக்கிறது.

மணலூர்பேட்டையிலிருந்து தென்பெண்ணையோடு கீழே போனால் திருக்கோவிலூர். ஆற்றுக்குள் இருக்கும் கபிலர் குன்றைத் தெரியாதவர் அங்கே இல்லை. தன் நண்பன் வள்ளல் பாரி இறந்தபின் அவன் மகளிரைக் காப்பாற்றிக் கரைசேர்த்துவிட்டுச் சங்கப் புலவர் கபிலர் அங்கே உயிர்விட்டதாகச் சொல்வார்கள். துக்கத்துக்குக் கபிலரை விட்டால் வேறு ஆள் இல்லை. அதே கபிலர்தான், மனைவியைக் கைவிட்ட பேகனிடம் போய், அவள் அழுகையைக் கேட்கமாட்டாயா என்கிற பொருள்பட முகத்துக்கு நேரே பாடினார். பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகியோரும் இதற்காகப் பாடினார்கள். பேகன் வள்ளல், கொடுத்துப் புகழ் பெற்றவன். கொடை வாங்கும் கூட்டம் அவன் தவறை அவன் உயிரோடு இருக்கும்போதே கேட்டது. நாம் செய்வது தலைகீழ். இருக்கும்போது பாலாபிஷேகம், இறந்தபின் வம்பு.

இரண்டாவது பதில், கர்ண மோட்சம். விழுப்புரம், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிப் பக்கம் கருமாதி இரவில் தெருக்கூத்து வைத்தால் பெரும்பாலும் அதுதான். கர்ணனைப் போலக் கறை படிந்த நாயகன் யார்? திரௌபதியைச் சபையில் இழிவாகப் பேசியவன், அநியாயத்தின் பக்கம் நின்றவன். பாயில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் திரௌபதி அம்மன் திருவிழாவில் துகிலுரிதலைப் பார்த்து வயிறெரிந்தவர்கள். கூத்தில் அவன் மனைவி பொன்னுருவி அவன் பிறப்பைச் சொல்லிச் சண்டை போடுகிறாள். கட்டியக்காரன் நடுவில் புகுந்து எல்லோரையும் கேலி செய்கிறான். எதையும் மறைப்பதில்லை. விடியும் நேரத்தில் அம்பு தைத்துக் கிடப்பவன் தன் புண்ணியத்தையும் தாரை வார்க்கும்போது இறந்தவர் வீட்டார் வாய்விட்டு அழுகிறார்கள். ஒருவரைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டு அழுகிற அழுகை அது. பேனருக்கு அந்தத் தெம்பு கிடையாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்பக்கத்திலும் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அரசு தலா பத்து லட்சம் அறிவித்ததும், குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பணம் என்று டீக்கடை டீக்கடையாகப் பேசினார்கள். ஒரு பாடகர் குடித்தால் கலைஞனின் வேதனை. கூலிக்காரர் குடித்தால் திமிர். நட்சத்திரத்துக்கு நாம் தரும் மன்னிப்பு பெருந்தன்மையால் வருவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? புகழுக்குக் கொடுக்கும் சலுகை அது. பெருந்தன்மையாக இருந்தால் கருணாபுரத்துக்கும் கிடைத்திருக்கும்.

ஆகவே அஞ்சலி வழக்கம் ஒழிய வேண்டியதல்ல. சாதி பார்க்காத துக்கம் நமக்கு அவ்வளவு மலிவாகக் கிடைப்பதில்லை. திருந்த வேண்டியது அதன் பொய். பேனர் வைக்கிறவர்கள் தங்கள் முகத்தை எடுத்துவிடட்டும். படத்திறப்பில் பேசுபவர்களில் ஒருவராவது இறந்தவர் செய்த தவறையும், அதனால் நொந்தவர்களையும் சொல்லட்டும். அதைக் கேட்ட பிறகும் அழுகை வந்தால், அந்த அழுகையை நம்பலாம்.