இருளில் நின்றுவிடும் மன்றாட்டு: 88ஆம் சங்கீதமும் அதன் தமிழ் வடிவமும்

கிறித்தவ மன்றாட்டுப் பாடல்களைத் தமிழாய்வுகள் பெரும்பாலும் ஆறுதல் இலக்கியமாகவே வகைப்படுத்துகின்றன. துன்பம், முறையீடு, நம்பிக்கை, நன்றி என்னும் வரிசையில் பாடலைப் பகுத்துக் காட்டினால் ஆய்வு நிறைவுற்றதாகக் கொள்ளும் வழக்கமும் உண்டு. இவ்வரிசைக்கு விவிலியத்திலேயே சான்று கிடைக்கிறது. 13ஆம் சங்கீதம் ஆறே வசனங்களில் அழுகையிலிருந்து பாட்டுக்கு வந்துவிடுகிறது. 22ஆம் சங்கீதம் கைவிடப்பட்டவனின் கதறலாகத் தொடங்கிச் சபை நடுவே துதியாக விரிகிறது. சிலுவையில் இயேசு கூறியதாக மத்தேயுவும் மாற்கும் தருவது இதன் தொடக்கத்தையே. 39ஆம் சங்கீதம் துயரில் முடிந்தாலும் அதன் நடுவில் நம்பிக்கை சொல்லப்பட்டுவிடுகிறது. 88ஆம் சங்கீதமோ இவ்வரிசைக்கு அடங்குவதில்லை. இருளும் தனிமையும் சூழ்ந்தபோது ஒருவர் செபத்தை நாடுவது எதற்காக என்னும் வினாவுக்கு, இந்த அடங்காத பாடலிலிருந்தே விடை தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

பாடலில் ஒளியுள்ள இடம் ஒன்றே. மீட்பளிக்கும் கடவுள் என்னும் தொடக்க விளி அது. அதன்பின் குழி, கல்லறை, ஆழம், அலை எனப் படிமங்கள் கீழ்நோக்கியே செல்கின்றன. பேசுபவர் இளமை முதலே சாவின் விளிம்பில் இருப்பவர். பிற புலம்பல்களில் பெரும்பாலும் தோன்றும் பகைவர் இங்கில்லை. பாவ அறிக்கையும் இல்லை. ஆகவே துன்பத்திற்குக் காரணமாகச் சுட்டத்தக்கவர் கேட்பவர் ஒருவரே. இறந்தோருக்கு அற்புதம் செய்வீரோ என்னும் போக்கில் 10 முதல் 12 வரையுள்ள வசனங்களில் வினாக்கள் அடுக்கப்படுகின்றன. எவற்றுக்கும் மறுமொழி வரவில்லை. எனினும் பேசுபவர் மூன்று முறை, இரவும் பகலும், நாள்தோறும், காலையிலும், கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். பாடலின் கட்டமைப்பைத் தாங்குவது இந்த மும்முறைக் கூப்பீடே.

எபிரேய மூலத்தில் 6, 12, 18 ஆகிய வசனங்களில் இருளைக் குறிக்கும் ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்கள் வருகின்றன. அவற்றுள் கடைசிச் சொல்லே பாடலின் கடைசிச் சொல். அங்குத் தொடரமைப்பு தெளிவாக இல்லை. அறிமுகமானோர் இருளுக்குள் போயினர் என்றும், அறிமுகமானவராக எஞ்சியது இருளே என்றும் இருவகையாகவும் பொருள்கொள்ள இடமுண்டு. ஹென்றி பவர் குழுவின் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு, அதாவது இன்றும் சீர்திருத்தத் திருச்சபையினர் பலர் பயிலும் தமிழ், இவ்விடத்தில் அறிமுகமானோர் மறைந்துபோனதாகவே கூறுகிறது. 6, 12 வசனங்களில் இருளாகவே பெயர்க்கப்பட்ட சொல் 18இல் வினையாகிவிட்டது. பொருள் சிதையவில்லை என்று வாதிடலாம். ஆயினும் மூலம் வாசிப்பவரை இருளில் விடுகிறது. தமிழோ ஆளரவமற்ற இடத்தில் விடுகிறது. இருளும் தனிமையும் ஒரே சொல்லில் பின்னிக் கிடந்த நிலை தமிழில் பிரிந்து, தனிமை மட்டும் எஞ்சியது. மும்முறை வரும் இருளின் அழுத்தம் குறைந்தது ஓர் இழப்பு என்றே கருதுகிறேன்.

ஈடாகத் தமிழ் பெற்றது ஒன்றுண்டு. எபிரேய முன்னிலையில் மரியாதை வேறுபாடு இல்லை. தமிழ் பெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். நீர் என்பதைத் தேர்ந்தனர். இப்பாடலில் கடவுளை நோக்கிய வினைகளில் பல குற்றச்சாட்டுகள்: குழியில் வைத்தவர், அலைகளால் வருத்தியவர், நண்பரை விலக்கியவர் அவரே. இவையனைத்தும் தமிழில் -ஈர் என்னும் மரியாதை விகுதி பெற்றே வருகின்றன. பணிவு குற்றச்சாட்டின் கூர்மையை மழுக்கிவிட்டதெனச் சிலர் கூறக்கூடும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பெரியவர் ஒருவரிடம் முறையிடச் சென்றவன், மரியாதைச் சொல் வழுவாமலே அவர் செய்ததை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வதன் கடுமை தமிழ்க் காதுக்கு நன்கு தெரியும்.

இதற்கு முன்மாதிரி பக்தி மரபிலேயே உள்ளது. பார்வை இழந்த சுந்தரர் திருவாரூரில் முறையிட்டதாக மரபு கூறும் பதிகத்தில், இறைவனைத் தோழனாக நீ என்றழைத்துப் பழகிய அவர் -ஈர் விகுதிக்கு மாறிவிடுகிறார். அங்கு மரியாதையே ஊடலின் வடிவம். உறவின் தொலைவை அளந்து காட்டுவது அது. ஆனால் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. சுந்தரர் இழப்புக்குச் சங்கிலியாருக்கு அளித்த சூளுறவை மீறியது காரணம் எனப் பெரியபுராணம் கதை தருகிறது, கண்ணும் மீள்கிறது. 88ஆம் சங்கீதத்திற்குக் காரணமும் இல்லை, மீட்சியும் இல்லை. நம் கையறுநிலைப் பாடல்களோடு ஒப்பிட்டாலும் வேறுபாடு புலனாகும். கையறுநிலையில் இழந்தவன் இறந்தவனைக் குறித்துப் பாடுகிறான். இங்கோ இழப்பைத் தந்தவரிடமே நேர்நின்று பேசுகிறான்.

புலம்பலைக் கைவிட்ட வழிபாடு எதை இழக்கிறது என வால்டர் புருக்மன் 1986இல் எழுதிய கட்டுரை விளக்குகிறது. புலம்பல் இல்லாத இடத்தில் கடவுளிடம் கேள்வி கேட்கும் உரிமை மறைந்து, துதி மட்டுமே முறையான பேச்சாகிவிடும் என்பது அவர் கவலை. இந்தக் கவலை நம் ஆய்வுகளுக்கும் பொருந்தும். நம்பிக்கையில் முடியாத செபத்தை நிறைவுறாத செபமாக மதிப்பிடும் திறனாய்வு, துயருற்றவரை நம்பிக்கை குறைந்தவரெனக் கண்டிக்கும் போதனைக்குத் துணைபோகிறது. 88ஆம் சங்கீதத்தில் நம்பிக்கை என்பது உணர்வாகச் சொல்லப்படவில்லை. விடியும்போது மீண்டும் விளிக்கும் செயலில் மட்டுமே அது காணப்படுகிறது.

பாடலின் தலைப்பையும் உரையாசிரியர் பலர் கடந்துபோய்விடுகின்றனர். எஸ்ராகியனாகிய ஏமானின் பெயரோடு கோராகின் புத்திரரையும் இராகத் தலைவனையும் அது குறிப்பிடுகிறது. நண்பர் எவருமற்றவனின் பாடல் ஒரு பாடகர் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. உரோமைத் திருச்சபையின் திருப்புகழ்மாலையில் வெள்ளிதோறும் உறங்குமுன் சொல்லும் செபத்தில் இது இடம்பெறுகிறது. ஆங்கிலத் திருச்சபையின் 1662ஆம் ஆண்டுச் செபநூல் இதனைப் பெரிய வெள்ளி மாலைக்கு வகுத்துள்ளது. அன்று எவ்வகைத் துன்பமும் அறியாதவரும் அதே சொற்களைச் சொல்லியாக வேண்டும், அடுத்த அறையில் அவற்றைத் தன் சொற்களாகவே சொல்லிக்கொண்டிருப்பவர் யாரென அறியாமலேயே.