அபுவின் ஓய்வுப்பொழுது

சத்யஜித் ரேயின் ‘அபராஜிதோ’வை (1956) தாயை மறந்த மகனின் கதையாகக் கொள்வாருளர். வங்காளத்தில் வசூலில் தோல்வியுற்ற இப்படம், 1957இல் வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கப் பரிசைப் பெற்றது.

மேற்கூறிய கருத்து அபுவின் நாட்பொழுதைக் கணக்கிலெடுக்கவில்லை. புலமைப்பரிசில் பெற்றுக் கல்கத்தா சென்ற அவ்விளைஞன் பகலிற் கல்லூரி மாணவன்; இரவில் அச்சகத் தொழிலாளி. உறைவிடமும் அவ்வச்சகமே. விரிவுரையின்போது கண்ணயர்ந்து வகுப்பினின்று வெளியேற்றப்படுகிறான். விடுமுறையிற் கிராமம் வந்தவனிடம், தான் நோயுற்றால் அவனது சம்பாத்தியத்தில் வைத்தியம் செய்விப்பானா எனத் தாய் சர்பஜயா வினவுகிறாள். மறுமொழியில்லை, மகன் உறங்கிவிட்டான். இதனை அலட்சியமென்போர் இரவில் உழைத்துப் பகலிற் படித்தறியாதோராதல் வேண்டும். தொழிலும் கல்வியும் பங்கிட்டுக்கொண்ட வாழ்வில், உறக்கத்துக்கென எஞ்சியது தாய்க்குரிய பொழுதே. அதிலும், புகையிரத நிலையம்வரை சென்றவன், வண்டியைத் தவறவிட்டதாகப் பொய்யுரைத்துத் திரும்பி வந்து மேலுமொரு நாளை அவளுக்கு அளிக்கிறான். நன்றிகெட்டவனெனத் தீர்ப்பிடுவோர் அப்பொய்யை எவ்வாறு விளக்குவர்?

பின்னர் பரீட்சையைக் காரணங்காட்டி அவன் வராதொழிந்ததும் உண்மையே. சர்பஜயாவும் தன் நோயை அவனுக்கு எழுதவில்லை.