கார்டியூ புத்தகமும் ஸ்பிரிங் ஏர் ரைஃபிளின் குறியும்

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளைப் பிரித்துப் பார்க்கும் கிறுக்கு பிடித்தவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் வந்து சேர்கிற புத்தகம் ஒன்று உண்டு. ஜி.வி. கார்டியூ, ஜி.எம். கார்டியூ இருவரும் எழுதி 1995-இல் வந்த ‘தி ஏர்கன் ஃப்ரம் டிரிக்கர் டு டார்கெட்’. இப்போது மூன்றாம் முறையாகப் படித்து முடித்தேன். முதல் தடவை படித்தபோது அதை ஒரு வேதம் மாதிரி எடுத்துக்கொண்டேன், அதற்கான தண்டனையும் கிடைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

துப்பாக்கி தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. குழலை மடக்கியோ, அடியில் இருக்கும் நெம்புகோலை இழுத்தோ ஒரு கனமான ஸ்பிரிங்கை அழுத்தி வைக்கிறோம். டிரிக்கரை இழுத்ததும் ஸ்பிரிங் ஒரு பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. பிஸ்டனுக்கு முன்னால் இருக்கும் காற்று நசுங்கி, சூடேறி, பெல்லட்டை வெளியே துரத்துகிறது. எல்லாமே ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குக்குள் நடந்து முடிகிற வேலை.

அந்த நூறில் ஒரு பங்கை அவர்கள் பிரித்துக் காட்டிய விதம்தான் புத்தகத்தின் பெருமை. வேட்டைக்காரர்களின் கதையளப்பாக இருந்த விஷயத்தை சோதனை மேஜைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் மேற்கோள் காட்டுவது நைட்ரஜன் சோதனையை. ஹெச்டபிள்யூ 35 ரைஃபிள் ஒன்றை ஆக்ஸிஜன் இல்லாத நைட்ரஜனுக்குள் வைத்துச் சுட்டார்கள். வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விழுந்துவிட்டது. ஆக, வெறும் அழுத்தப்பட்ட காற்று மட்டும் பெல்லட்டைத் தள்ளவில்லை. டீசல் என்ஜினில் நடப்பதுபோல, சிலிண்டருக்குள் இருக்கும் எண்ணெய்ப் பசை எரிந்து அதுவும் சேர்ந்து தள்ளுகிறது என்பது அவர்கள் முடிவு. ஊதுகுழல் நிலை, பாப்கன் நிலை, எரியும் நிலை, வெடிக்கும் நிலை என்று நான்காகப் பிரித்த அவர்களுடைய பாகுபாட்டைத்தான் இன்றும் ட்யூனிங் பேசுகிறவர்கள் சொல்கிறார்கள்.

சோதனை அருமையானது. ஆனால் அதிலிருந்து ‘வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு எரிவதால் வருகிறது’ என்று நேராகக் கழித்துச் சொல்ல முடியுமா? எனக்கு சந்தேகம். எரிதல் நின்றால் சிலிண்டரின் உச்ச அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் பிஸ்டனுக்கு எதிரே இருக்கும் காற்று மெத்தை மெலியும், பிஸ்டன் நின்று திரும்பும் இடமே மாறும். அதாவது நைட்ரஜனில் சுட்டது எரிதல் மட்டும் நீங்கிய அதே துப்பாக்கி அல்ல, கொஞ்சம் வேறு துப்பாக்கி. தவிர, எண்ணெய் குடித்த தோல் சீல் போட்ட பழைய ரைஃபிளுக்கும், லேசாக மாலிப்டினம் கிரீஸ் தடவிய இன்றைய பிளாஸ்டிக் சீலுக்கும் ஒரே கணக்கு பொருந்த வேண்டிய அவசியமில்லை.

இது ஆராய்ச்சிச் சண்டை. என்னுடைய உண்மையான குறை வேறு. இந்தப் புத்தகத்தின் மனசு பூராவும் சக்தியில் இருக்கிறது. ஸ்பிரிங்கில் சேமித்த ஆற்றலில் எவ்வளவு பெல்லட்டுக்குப் போய்ச் சேர்கிறது என்பதுதான் அதன் ஓயாத கேள்வி. அதற்கு ஊர்ப் பின்னணியும் உண்டு. இங்கிலாந்தில் 12 அடி-பவுண்டுக்கு (சுமார் 16.3 ஜூல்) மேல் போனால் ஏர் ரைஃபிளுக்கும் சான்றிதழ் வேண்டும், கோட்டைத் தாண்டாமல் கோட்டை ஒட்டி நிற்பதுதான் அங்கே விளையாட்டு. ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. படித்தவர்கள்தான் ‘வேகம் சீராக இருந்தால் குறி சீராக இருக்கும்’ என்று தாங்களே ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டார்கள். நானும்தான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. .177 பெல்லட், விநாடிக்கு 238 மீட்டர் வேகம், 25 மீட்டர் தூரம். போய்ச் சேருவதற்குள் அது ஐந்தாறு செ.மீ. கீழே விழும். வேகம் 3 மீட்டர் முன்பின் ஆனால் அந்த வீழ்ச்சியில் வரும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. அவ்வளவுதான். இப்போது இன்னொரு பக்கம். ஒரு மீட்டர் நீள ரைஃபிளின் வாய்ப்பகுதி, பெல்லட் வெளியேறும் நேரத்தில் ஒரே ஒரு மி.மீ. சாய்ந்திருந்தால் 25 மீட்டரில் குறி 25 மி.மீ. விலகும். குரோனோகிராஃப் முதலாவதைத்தான் காட்டும், இரண்டாவதைக் காட்டவே காட்டாது.

துப்பாக்கி சாயுமா என்றால், சாயாமல் என்ன செய்யும்? கால் கிலோ பிஸ்டன் 80 மி.மீ. முன்னே பாய்ந்தால், நாலு கிலோ ரைஃபிள் பதிலுக்கு 5 மி.மீ. பின்னே நகர வேண்டும். பிஸ்டன் மெத்தையில் மோதி நிற்கும்போது ரைஃபிள் எதிர்ப்பக்கம் இழுக்கப்படும். இந்தக் கூத்தெல்லாம் நடக்கும்போது பெல்லட் இன்னும் குழலுக்குள்ளேயே இருக்கிறது. குழலின் கோடு துப்பாக்கியின் எடை மையத்துக்கு மேலே போவதால், நகர்வு வெறும் நகர்வாக நிற்காமல் கொஞ்சம் திரும்பவும் செய்கிறது. எவ்வளவு திரும்பும் என்பதை உங்கள் இடது கை எங்கே, எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பது தீர்மானிக்கிறது. டாம் கேலார்ட் பிரபலப்படுத்திய ‘பீரங்கிப் பிடி’ (திறந்த உள்ளங்கையில் ரைஃபிளைச் சும்மா கிடக்கவிட்டு, அது தன் இஷ்டத்துக்குப் பின்னே போக அனுமதிப்பது) இதற்கான மருந்துதான். பிடி தளர்வாக இருப்பதைவிட, ஒவ்வொரு முறையும் அதேபோல் தளர்வாக இருப்பதுதான் அதில் முக்கியம்.

குறிபார்த்துச் சுடும் போட்டித் துப்பாக்கிகளைச் செய்த ஜெர்மானியர்கள் இதை முன்பே பிடித்துவிட்டார்கள். பத்து மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளிக்கான பொட்டின் விட்டம் 0.5 மி.மீ. அதை அடிக்க ஃபைன்வெர்க்பாவ் 300 எஸ் என்ன செய்தது? குழலும் பிஸ்டன் பகுதியும் சேர்ந்து ஸ்டாக்குக்குள் தண்டவாளத்தில் பின்னே சறுக்கும்படி அமைத்தது. தோளுக்கு உதை வராது. டயானாவின் கிஸ் முறையில் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிர்த் திசையில் ஓடி ஒன்றின் உதையை இன்னொன்று தின்றுவிடும். இரண்டுமே சக்தி குறைந்த துப்பாக்கிகள். புத்தியெல்லாம் அசைவை அடக்குவதில் செலவானது.

இனி என் தண்டனை. புத்தகத்தை முதல் தடவை படித்த சூட்டில் என் ரைஃபிளுக்குக் கெட்டியான ஸ்பிரிங், புது சீல் எல்லாம் போட்டேன். குரோனோகிராஃபில் எண்கள் அழகாக வந்தன, ஒன்றுக்கொன்று ஒட்டியபடி. காகிதத்தில் மட்டும் ஓட்டைகள் ஊர்கோலம் போயின. 25 மீட்டரில் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடக்கூடிய ஐந்து ஓட்டைகள், தேநீர்க் கோப்பையின் வாயளவுக்குப் பரவிவிட்டன. இரண்டு மாதம் பெல்லட்டைக் குறை சொன்னேன், டெலஸ்கோப்பைக் குறை சொன்னேன். கடைசியில் பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டேன். ஸ்பிரிங்குக்குள் இருக்கும் கைடு தொளதொளவென்று இருந்தது. அதை மட்டும் இறுக்கமாகக் கடைந்து வாங்கினேன். சுட்டதும் கேட்கும் அந்த ‘டொய்ங்’ அதிர்வு அடங்கியது. வேகம் பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது, க்ரூப் சுருங்கிவிட்டது.

முழுசா சுருங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிச்சத்துக்குக் காரணம் ஸ்டாக்கின் முன்பக்க ஸ்க்ரூக்கள் இரண்டும் லூஸாக இருந்தது. கெட்டி ஸ்பிரிங்கின் உதையில் கழன்றிருக்க வேண்டும், நான் கவனிக்கவில்லை.

மூன்றாம் வாசிப்புக்குப் பிறகு ஒரு சின்ன சோதனை செய்தேன். அதே ஸ்பிரிங், அதே டப்பா பெல்லட். முன்கையை டிரிக்கர் கார்டை ஒட்டி, ஸ்டாக்கின் நடுவில், ஸ்டாக்கின் நுனியில் என மூன்று இடங்களில் வைத்து, இடத்துக்குப் பத்து குண்டுகள். எண்களில் மூன்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. காகிதத்தில் மூன்று தனித்தனிக் குவியல்கள், நுனியில் பிடித்தது மேலே ஏறியும் நடுவில் பிடித்தது மிகச் சிறியதாகவும். காகிதத்தைப் புத்தகத்தின் நைட்ரஜன் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறேன்.