நட்சத்திரக் குறி

ரோமானியர்கள் இறந்தவர்களை ஊருக்கு வெளியே, சாலை ஓரங்களில் அடக்கம் செய்தார்கள். கல்லறை எழுத்து பல சமயம் வழிப்போக்கனை நேராகவே விளித்து, நின்று படித்துவிட்டுப் போகச் சொல்கிறது. இறந்தவர் பெயர், யாரிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர், வாழ்ந்த ஆண்டு, மாதம், நாள், கல்லை வைத்தவர் பெயர். பெரும்பாலும் அவ்வளவுதான். இதில் கவித்துவத்தைத் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஆனால் ஒரு குழந்தையின் வயதை நாள் வரை எண்ணிச் செதுக்கியிருப்பதைவிட அதிகமாக எந்தப் படிமமும் துக்கத்தைச் சொல்லிவிடாது.

நின்று படித்தவர்களில் ஒருவர் அங்கோனா நகரத்துச் சிரியாக்கோ. 1391இல் பிறந்தவர்; வியாபாரி; லத்தீனைத் தானாகவே கற்றவர். இத்தாலியிலும் கிரேக்க நாட்டிலும் போன இடமெல்லாம் கல்லெழுத்துகளைப் பிரதி செய்தார். இறந்தவர்களை எழுப்புவதே தன் வேலை என்று சொல்லிக்கொண்டார். சரக்குக் கணக்கு எழுதிப் பழகிய கை அது.

அடுத்த நூற்றாண்டில் வந்த பிர்ரோ லிகோரியோ (இறப்பு 1583) கலைஞர். திவோலியில் எஸ்தே மாளிகையையும் தோட்டத்தையும் வடிவமைத்தவர். பார்த்த கல்வெட்டுகளோடு, தாமே இயற்றியவற்றையும் கலந்து எழுதிவைத்தார். 1863 முதல் வெளிவந்த லத்தீன் கல்வெட்டுத் தொகுதியில், மாம்சனும் அவர் கூட்டத்தாரும் பொய்க் கல்வெட்டுகளைத் தனியே ஒதுக்கி, எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இட்டார்கள். ரோம் நகரப் பகுதியில் மட்டும் லிகோரியோவின் கணக்கில் ஏறத்தாழ 3,000. அவர் ஒருவரே சாட்சி என்றால் ஏற்பதில்லை என்பது விதி. பின்னால், அப்படித் தள்ளப்பட்டவற்றில் சில அசல் என்று தெரியவந்தது.

லிகோரியோவைச் சிருஷ்டிகர்த்தா என்று கொண்டாட நம்மில் சிலருக்குக் கை துறுதுறுக்கும். இல்லாத மனிதனுக்குக் கல்லறை எழுப்புவது குற்றமல்ல; நாவலாசிரியன் செய்வது அதைத்தான். ஆனால் நாவலாசிரியன் அதை நாவல் என்று சொல்லித் தருகிறான். ரோமின் பளிங்கில் எவ்வளவோ சுண்ணாம்புக் காளவாயில் வெந்துபோயிற்று. பல கற்களுக்குப் பிரதி ஒன்றுதான் மிச்சம். அதில் ஒரு பொய் கலந்ததும், நிஜமாகவே வாழ்ந்து செத்த ஒருத்தியும் சந்தேகத்துக்கு உள்ளாகிறாள். அவளுக்கென்று இருந்தது நாலு வரி. அதன் தலையிலும் நட்சத்திரம்.

பிரதி செய்கிறவனுக்குக் கற்பனை வறட்சி என்பது மேம்போக்கான தீர்ப்பு. தன் குரலை அடக்கிக்கொண்டு இன்னொருவன் பெயரைப் பிழையில்லாமல் எழுதுவதற்கும் ஒரு தீவிரம் வேண்டும். விமர்சனம் என்ற பெயரில் படைப்பில் இல்லாததை இருப்பதாகக் காட்டுகிறவர்கள் லிகோரியோவின் வாரிசுகள். அவர்களால் கெடுவது அவர்கள் பெயர் மட்டுமல்ல.