காலும் காலமும்

ஒவ்வொரு இரவும் கடைசி ஆள் எழும்பிப் போனபின் நாம் கதிரைகளைத் தூக்கி மேசைகளின்மேல் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கிறோம், நிலம் கழுவுவதற்காக. பாரிஸ் உணவகங்களில் வேலை செய்கிற எவருக்கும் இது தெரியும். இருந்து சாப்பிடுகிறவர்கள் கதிரையின் முகத்தைப் பார்க்கிறார்கள். நாம் அதன் வயிற்றையும் கால்களையும் பார்க்கிறோம். பழைய கதிரைகளைப் பற்றி எழுத எமக்கிருக்கும் ஒரே தகுதி இதுதான். இடையில் நின்றுபோன எமது பல்கலைக்கழகப் படிப்பில் கதிரை ஒரு பாடமாக இருக்கவில்லை.

பழைய தளபாடம் வாங்குகிறவர்களுக்கென்று இங்கே கைநூல்கள் ஏராளம். பெரும்பாலானவற்றில் ஒரு படம் இருக்கும்: வரிசையாகக் கால்கள், ஒவ்வொரு காலுக்கும் கீழே ஓர் அரசனின் பெயர். காலைப் பார், காலத்தைச் சொல் என்பதே அந்தப் படத்தின் உபதேசம். எமது விமர்சனம் இந்தப் படத்தின் மீதானது.

படம் சொல்வதை முதலில் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 13ஆம் லூயி காலத்துக் கால்கள் (1610-1643) கடைசல் கால்கள். திருகுசுருளாக, அல்லது மணி கோர்த்ததுபோல் கடைந்திருக்கும். கீழே நான்கையும் பிணைக்கும் குறுக்குச் சட்டங்கள் இருக்கும். 14ஆம் லூயியின் நீண்ட ஆட்சியில் (1643-1715) கால் தடித்துத் தூணாகிறது. குறுக்குச் சட்டம் பல இடங்களில் பெருக்கல் குறியாக மாறுகிறது. அதற்குப்பின் ரீஜென்ஸி (1715-1723). கால் வளையத் தொடங்குகிறது, குறுக்குச் சட்டம் மெல்ல மறைகிறது. 15ஆம் லூயி பாணியில் முழங்கால் முன்தள்ளி, கணுக்கால் உள்வாங்கிய வளைகால். பிரெஞ்சுக்காரர் இதை 'மான்கால்' என்பார்கள். கால் எங்கே முடிந்து இருக்கைச் சட்டம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஒரே கோடாய் ஓடும். 16ஆம் லூயி பாணியில் கால் மறுபடி நிமிர்கிறது. கீழ்நோக்கி ஒடுங்கி, நெடுக வரிவரியாய்க் குழித்து, மேலே ஒரு சதுரக் கட்டையும் அதில் ஒரு சிறு பூவுமாக நிற்கும். நெப்போலியனோடு சிங்கப் பாதங்களும், வாள்போல் வளைந்த பின்கால்களும் வருகின்றன.

இவ்வளவையும் ஒரு பின்னேரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். நாமும் செய்தோம். செய்துகொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தெருச்சந்தையில் இரண்டு கதிரைகளைக் கண்டோம். ஒடுங்கிய கால், வரிகள், சதுரக் கட்டை, பூ எல்லாம் படத்தில் உள்ளபடியே. சோடி 180 யூரோ. காசைச் சேர்த்துக் கொடுத்துத் தோளில் தூக்கிக்கொண்டு மெத்ரோவில் வந்தோம். வீட்டில் கவிழ்த்துப் பார்த்தபோது உட்பக்கத்தில் வட்டவாள் அறுத்த அரைவட்டக் கீறல்கள். மூலைகளில் ஒரே அளவான இயந்திரத் திருகாணிகள். 16ஆம் லூயியின் தச்சனிடம் வட்டவாள் இருக்கவில்லை. விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று கொதித்தோம். பிறகுதான் காலில் கட்டியிருந்த அட்டையைச் சரியாக வாசித்தோம். அரசனின் பெயருக்கு முன்னால் 'ஸ்தில்' என்றொரு சொல் இருந்தது. பாணி. அவன் பொய் எழுதவில்லை. நாம் அரசனின் பெயரை மட்டும் வாசித்திருக்கிறோம்.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1981 மார்ச் 3ஆம் திகதிய அரசாணையின்படி, 'எபோக்' (அந்தக் காலத்தது) என்று எழுதினால் விற்பவர் அதற்குப் பொறுப்பு: பொருள் உண்மையிலேயே அந்தக் காலத்தில் செய்யப்பட்டிருக்க வேண்டும். 'ஸ்தில்' என்று எழுதினால் எந்த உத்தரவாதமும் இல்லை. ஒரு பகுதி பிற்காலத்தில் செய்யப்பட்டதென்றால் அதையும் வாங்குபவருக்குச் சொல்லவேண்டும். வாங்குபவர் கேட்டால் இந்த விபரங்களோடு பற்றுச்சீட்டு எழுதித் தரவும் வேண்டும். கைநூல்கள் கால்களுக்குப் பத்துப் பக்கம் ஒதுக்குகின்றன. இந்த இரண்டு சொற்களுக்கு ஒரு பக்கமாவது முதலில் ஒதுக்கியிருந்தால் எமது 180 யூரோ தப்பியிருக்கும்.

படத்தின் அடிப்படைக் குறை இதுதான். ஒரு காலின் வடிவம், அந்த வடிவம் முதலில் எப்போது பிறந்தது என்பதைச் சொல்லும். எம் முன்னால் நிற்கும் இந்தக் கால் எப்போது வெட்டப்பட்டது என்பதைச் சொல்லாது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் (1852-1870) முந்திய அரசர்கள் எல்லோருடைய கால்களும் மறுபடி செய்யப்பட்டன. அரசி யூஜெனிக்கு மாரி அந்துவானெத் மீதிருந்த மோகத்தில் 16ஆம் லூயியின் நேர்கால் திரும்பவும் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் அது நிற்கவேயில்லை.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? கவிழ்த்துப் பார்க்கவேண்டும். மரம் காலப்போக்கில் எல்லாப் பக்கமும் ஒரே அளவாய்ச் சுருங்குவதில்லை. ஆகவே பழைய கடைசல் காலைக் குறுக்காக இரண்டு திசையில் அளந்தால் அது முழு வட்டமாக இராது. நல்ல பழைய கதிரையில் பின்காலும் முதுகுச் சட்டமும் ஒரே மரத்தில் வெட்டியவை. பொருத்துகளில் துளைக்குள் கழுந்தைச் செருகி மரமுளை அடித்திருப்பார்கள். கையால் சீவிய முளை சரியான வட்டமாக இராது. மரம் சுருங்கச் சுருங்கச் சற்று வெளியே தள்ளி நிற்கும். உளுத்த துளைகளைக் கண்டு மயங்கக் கூடாது. பூச்சி வெளியேறும் துளை பொட்டுப்போல இருக்கும். மரத்தின் மேற்பரப்பில் நீளவாக்கில் வாய்க்கால்போல உளு ஓடியிருந்தால், உளுத்த மரத்தைப் பிறகு அறுத்திருக்கிறார்கள் என்று பொருள். தேய்மானமும் கால் பட்ட இடத்தில், கை பட்ட இடத்தில் இருக்கவேண்டும். எங்கும் ஒரேமாதிரித் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாளின் வேலை. பாதத்தையும் பாருங்கள். கல்நிலம் கழுவக் கழுவக் காலின் அடி உக்கிப்போகும். அறுத்துவிட்டு வேறு மரம் ஒட்டியிருப்பார்கள். நிலம் கழுவுகிற எமக்கு இதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

படத்தின் மீது எமக்கு இன்னொரு குறையும் உண்டு, முன்னையதைவிடப் பெரியது. எல்லாக் கால்களுக்கும் கீழே அரசர்களின் பெயர்கள். ஓர் அரசனாவது உளி பிடித்தவன் அல்ல. 16ஆம் லூயியின் தளபாடங்களில் மிகச் சிறந்தவற்றைச் செய்த ஜான்-ஹென்றி றீஸ்னர் 1734இல் ஜேர்மனியின் கிளாட்பெக்கில் பிறந்தவர். அவருடைய எசமான் எபனும் ஜேர்மனியர். கிழக்குப் பாரிசில் போபுர் சென்-அந்துவான் பகுதியில் சங்கக் கட்டுப்பாட்டுக்கு வெளியே வேலைசெய்ய இடமிருந்தது. வந்தேறிகள் அங்கேதான் குவிந்தார்கள். 'பிரெஞ்சுப் பாணி' என்று உலகம் கொண்டாடுவதில் கணிசமான பங்கு அந்நியக் கைகள் செதுக்கியது. புரட்சி வந்தபின் 1794இல், தளபாடங்களிலிருந்து அரச சின்னங்களைச் சுரண்டி எடுக்க றீஸ்னரையே வெர்சாய்க்கு அனுப்பினார்கள். தன் கையால் பதித்ததைத் தன் கையாலேயே அகற்றிய அந்த மனிதனைப் பற்றிக் கைநூல்களில் ஒரு வரி கிடையாது. சோதனைச் சாவடிக்கு முன்னால் தன்னிடமிருந்த அடையாளங்களை ஒவ்வொன்றாய்க் கழற்றிப் போட்ட எவருக்கும் அந்த வேலை எப்படிப்பட்டது என்று விளங்கும்.

நிபுணர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இருக்கைகள் பற்றி 1987இல் பெருநூல் எழுதியவர் பில் பாலோ. அந்தக் கால்களை அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. வெர்சாய் மாளிகையே வாங்கிக்கொண்ட போலிக் கதிரைகளைச் செய்வித்தவரும் அவரே. 2016இல் விவகாரம் வெளியாகி, 2025 யூனில் பொந்துவாஸ் நீதிமன்றம் அவரையும், கூட்டாளியான மரச்சிற்பி புருனோ தெனூவையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. கால்களை அறிந்திருப்பது காலத்தை அறிவதற்கு உதவலாம். அதைப் போலி செய்வதற்கும் அதே அறிவு போதும்.

இதை ஏன் இந்தப் பத்திரிகையில் எழுதுகிறோம்? படத்தை வைத்துக்கொண்டு கால் பார்க்கிறவர்களை நாம் வேறு இடத்திலும் சந்தித்திருக்கிறோம். மேசைக்கு அந்தப்பக்கம் ஒருவர் பட்டியலோடு இருப்பார். ஊர், வீதி, கோயில், திகதி. ஒரு திகதி பிழைத்தால் முழுக்கதையும் பொய் என்று கடிதம் வரும். மனப்பாடம் செய்துகொண்டு போனவனுக்கு எல்லாம் சரியாக இருக்கும். உண்மையாய் அடிவாங்கியவனுக்குத்தான் திகதி குழம்பும், தேய்மானம் ஒழுங்கற்றதாய் இருப்பதுபோல.

ஆனால் அவர்களை மட்டும் திட்டிவிட்டு எழும்பிப் போவது நேர்மையல்ல. நாமும் எமக்குள் அதே படத்தைத்தான் மாட்டி வைத்திருக்கிறோம். இங்கே நாம் நடத்தும் கலியாணங்கள், சாமத்தியச் சடங்குகள், தேர்த்திருவிழாக்கள், ஏன் இங்கிருந்து எழுதப்படும் ஊர்க்கதைகள் பலவும், வரியும் பூவும் சரியாக அமைந்த 16ஆம் லூயிக் கால்கள். அவற்றை வெறும் போலி என்று சொல்ல எமக்கு மனமில்லை. எமது இரண்டு கதிரைகளும்கூடப் போலிகள் அல்ல. நூறு வருசமாவது சனத்தைத் தாங்கி நின்ற நல்ல கதிரைகள். இன்றும் அவற்றில்தான் இருந்து சாப்பிடுகிறோம். பாணியைப் பின்பற்றிச் செய்வது குற்றமில்லை. அதன்மேல் 'எபோக்' என்று அட்டை கட்டி, இதுதான் அசல், இப்படியே இருந்தது, இப்படியே இருக்கவேண்டும் என்று பிள்ளைகளின் தலையில் கட்டுவதுதான் குற்றம். எது எப்போதும் இப்படியே இருந்தது? 'கதிரை' என்ற சொல்லே போர்த்துக்கேயன் விட்டுப்போனது. மேசையும் அலுமாரியும் அப்படியே. யாழ்ப்பாணத்துக் கிழவர்கள் சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருந்து எமது தூய்மையைப் பற்றிப் பேசியபோது கீழே இருந்தது அந்தச் சொல்தான்.

பழைய கதிரை வாங்கப் போகிறவர்களுக்கு எமது ஆலோசனை சுருக்கமானது. அட்டையில் உள்ள எல்லாச் சொற்களையும் வாசியுங்கள். பற்றுச்சீட்டில் 'எபோக்' என்று எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் பாணிக்குரிய விலையை மட்டும் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் முதல் கதிரையைக் கவிழ்த்துப் பாருங்கள். கவிழ்க்க விடாதவனிடம் எதையும் வாங்காதீர்கள்.